மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனரைத் திரும்பப் பெற்றோலுக்குக் கொண்டுவந்த வேலை

மாமாவின் மொறிஸ் மைனர் கடைசியில் பெற்றோலில் ஒழுங்காக ஓடுகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்கு, வல்லை வெளியின் எதிர்க்காற்றிலும் நாலாவது கியரை விடாமல் போய் வருகிறது. கொதிப்பதில்லை, நடுவழியில் நிற்பதில்லை. தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் வடக்கில் இன்னும் பல வீடுகளில் தகரக் கொட்டிலுக்குள் நிற்கின்றன. அதில் ஒன்றை எடுத்துத் திருத்த நினைப்பவருக்கு உதவட்டும் என்று, செய்ததைச் செய்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

கார் 1958ஆம் ஆண்டின் மைனர் 1000, நாலு கதவு. எஞ்சின் பிஎம்சியின் (பிரிட்டிஷ் மோட்டோர் கோப்பரேசன்) ஏ சீரிஸ், 948 சிசி, புதிதில் 37 குதிரைவலு. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வெளிவந்தது. நடுவில் பிரிந்திருந்த முன்கண்ணாடி ஒன்றாகி, இந்த எஞ்சினும் வந்தது 1956இல். எங்களுடையதில் சிக்னலுக்கு மினுங்கும் லைற் இல்லை. கதவுத் தூணிலிருந்து வெளியே நீளும் சின்னக் கைதான். வலப்பக்கத்துக் கை இன்னும் சோம்பல்தான் படுகிறது. இந்தக் கார்கள் இலங்கையில் இவ்வளவு காலம் தப்பியதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை. அறுபதுகளிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடு, 1977 வரை புதுக் கார் என்பது அபூர்வம். இருந்ததைத் திருத்தித்தான் ஓட வேண்டும். அந்தப் பழக்கத்தில் வளர்ந்த மெக்கானிக்மார் இருந்தபடியால்தான் அதற்குப் பிறகு வந்த காலத்தையும் இவை தாண்டின.

1990 யூனில் சண்டை திரும்பத் தொடங்கியதும் பொருளாதாரத் தடையால் யாழ் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது நின்றது. மின்சாரமும் போனது. வீட்டில் ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து எரித்த விளக்கு, றோட்டில் மண்ணெண்ணெயில் ஓடும் கார். மாமா காரை எடுக்கும் முறை எனக்கு இப்போதும் மனப்பாடம். எஞ்சின் அறையின் பின்சுவரில் ஒரு சின்னத் தகர டப்பா, அதில் அரைப் போத்தல் பெற்றோல். டிக்கிக்குக் கீழே உள்ள பெரிய தாங்கி முழுக்க மண்ணெண்ணெய். இரண்டுக்கும் நடுவில் ஒரு பித்தளைக் குழாய்த்திருகி. பெற்றோல் பக்கம் திருப்பி ஸ்ராட் பண்ணி, சூடு ஏறும்வரை விடுவார். பிறகு விரலை நனைத்து, எஞ்சினின் சூடான புகை வெளியேறும் மனிபோல்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் தெறிப்பார். சொய் என்று உடனே வற்றினால் திருகியை மற்றப் பக்கம் திருப்புவார். எஞ்சின் ஒருமுறை இருமும், வெள்ளைப் புகை வரும், கண் எரியும், பிறகு ஓடும். வீட்டுக்கு வரும்போது ஒழுங்கை முடக்கிலேயே திரும்பப் பெற்றோலுக்கு மாற்றிவிடுவார். எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் கிண்ணத்தில் பெற்றோல் நிரம்பி நின்றால்தான் அடுத்தநாள் காலையில் ஸ்ராட் ஆகும்.

1995 ஒக்ரோபர் 30, இராணுவம் நெருங்கியதால் யாழ்ப்பாண நகரத்தோடு வலிகாமமே இடம்பெயர்ந்து நடந்த இரவு, இந்தக் கார் அப்பம்மாவையும் மூட்டைகளையும் ஏற்றிக்கொண்டு நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்குப் போனது. நடக்கும் சனத்தின் வேகத்தில், முழுத் தூரமும் முதலாம் கியரில். இடையில் எத்தனை தரம் கொதித்தது என்று யாரும் எண்ணவில்லை. அந்த இரவைப் பற்றிக் கீழேயும் சொல்ல வேண்டிவரும். எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றியபோது அதன் அடையாளம் இருந்தது.

சரி, வேலைக்கு வருவோம். கார் என்னிடம் வரும்போது பல வருடமாக ஓடாமல் நின்றது. முதலில் தாங்கி. மைனரில் பெற்றோல் தாங்கி டிக்கியின் அடித்தளத்தில் சுற்றிவரத் திருகாணி போட்டுப் பூட்டியிருக்கும். திருகாணிகளுக்கு முதல்நாள் இரவே ஒயில் விட்டு வைத்தால் உடையாமல் வரும். உள்ளே பழைய மண்ணெண்ணெய் காய்ந்து தேன்பாகு நிறத்தில் படிந்திருந்தது. ஒரு பேணி சின்னக் கல்லும் இரண்டு லீற்றர் தின்னரும் போட்டு, வாயை அடைத்து, நானும் தம்பியும் இரண்டு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். மூன்றாம் தரம் ஊற்றிய தின்னர் தெளிவாக வந்தது. எஸ்யூ மின்சாரப் பம்ப் பின்சுவரில்தான் இருக்கிறது. அதன் கறுப்பு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் பொயின்றை நைஸ் அரத்தாளால் ஒரு இழுவை இழுத்ததும் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. இந்தப் பம்பின் சத்தத்தைப் பழகி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

பெற்றோல் ஊற்றினோம், ஸ்ராட் ஆனது. ஆனால் இழுவை இல்லை. சமதளமான றோட்டிலேயே மூன்றாம் கியருக்கு மேல் போக மறுத்தது. கம்பிறஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம், அளந்தோம்: 95, 92, 60, 94 பிஎஸ்ஐ. நல்ல 948 எஞ்சினில் 150க்குக் கிட்ட வர வேண்டும். மூன்றாம் சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்ப அளந்தால் 63. றிங்ஸ் தேய்ந்திருந்தால் ஒயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். ஏறாதபடியால் வால்வு. அதுவரை விளங்கியது. மற்ற மூன்றும் ஏன் ஒரே அளவில் குறைவாக இருக்கின்றன என்பதுதான் விளங்கவில்லை.

அதைக் கண்டுபிடித்தவர் எங்கள் கராஜ் அண்ணை. எழுபது தாண்டியவர், ஒஸ்ரின் ஏ40 கேம்பிறிட்ஜ் ஹயர் கார்களோடு வளர்ந்தவர். ஹெட்டைக் கழற்ற முன்பே, றொக்கர் மூடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, உதிலை ரண்டு காஸ்கெற் கிடக்கும், பார்" என்றார். காஸ்கெற் என்பது ஹெட்டுக்கும் எஞ்சினுக்கும் நடுவில் வைக்கும் அடைப்புத் தகடு. எப்படிச் சொன்னார் என்றால், வால்வு இடைவெளி வைக்கும் திருகாணிகள் எட்டும் வழக்கத்துக்கு மேலாக உள்ளே இறங்கியிருந்தன. ஹெட் உயர்ந்து நின்றால் தள்ளுகோல் எட்டாது. அதை எட்ட வைக்கத் திருகாணியை இறக்கியிருக்கிறார்கள். மண்ணெண்ணெய்க்குக் கம்பிறஷன் கூடினால் எஞ்சின் தட்டும். அதற்காக ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு ஹெட் காஸ்கெற் போட்டு இடத்தைக் கூட்டியிருக்கிறார்கள். கையில் வேறு எதுவும் கிடைக்காத காலத்தில் செய்யக்கூடிய மிகச் சரியான வேலை அது.

ஹெட் கழற்றுபவர்களுக்கு இரண்டு விசயம். தண்ணீரை முழுதாக இறக்கிவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும். றொக்கர் தண்டைப் பிடித்திருக்கும் எட்டு நட்டில் நாலு ஹெட்டையும் சேர்த்துப் பிடிப்பவை. அவற்றை இளக்கும்போதே தண்ணீர் ஒயிலுக்குள் இறங்கலாம். அடுத்தது ஸ்பனர். இந்த எஞ்சின் முழுக்க அங்குல அளவு. ஹெட் நட்டுக்கு 9/16 வேண்டும். 14 மில்லிமீற்றர் ஏறாது, 15 வழுக்கி மூலையைத் தின்னும். அங்குல றிங் ஸ்பனர் செற் ஒன்று கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழையது 6,500 ரூபாவுக்கு எடுத்தேன். இந்த வேலை முழுவதிலும் பெறுமதியாகச் செலவழித்த காசு அதுதான். தள்ளுகோல்களை ஒரு காட்போட் மட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசைப்படி குத்தி வைத்தோம்.

ஹெட் வந்ததும் இரண்டு காஸ்கெற்றும் ஒன்றோடொன்று ஒட்டியபடி வந்தன. மூன்றாம் சிலிண்டரின் எக்ஸோஸ்ற் வால்வு, முன்னாலிருந்து எண்ணினால் ஐந்தாவது, விளிம்பில் ஒரு நகம் அளவுக்கு எரிந்து போயிருந்தது. ஏ சீரிஸில் இரண்டாம், மூன்றாம் சிலிண்டர்களின் புகை ஒரே துவாரத்தால்தான் வெளியேறும். நடுவில் இருக்கும் இந்த இரண்டு வால்வும்தான் அதிகம் சூட்டைத் தாங்குகின்றன. மட்டப்பலகையை ஹெட்டின் அடியில் வைத்துப் பார்த்தால் நடுவில் பீலர் கேஜ் 0.15 மில்லிமீற்றர் புகுந்தது. நாவற்குழி இரவின் வளைவு என்றுதான் மாமாவும் அண்ணையும் ஒரே வாயில் சொன்னார்கள். இரண்டு காஸ்கெற் இருந்தபடியால்தான் இத்தனை வருடம் அது ஒழுகாமல் இருந்திருக்கிறது.

லேத் பட்டறையில் ஹெட்டின் அடியை வளைவு போகும் அளவுக்கு மட்டும் சீவச் சொன்னோம். வால்வு இருக்கையைத் தேயாமல் காத்த ஈயம் இப்போது விற்கும் பெற்றோலில் இல்லை. ஆகவே நாலு எக்ஸோஸ்ற் இருக்கைக்கும் கடினமான வளையம் போடச் சொன்னோம். பட்டறைக்கு 34,000 ரூபா. மெதுவாக ஓடும் காருக்கு வளையம் அவசியமில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஹெட் கையில் இருக்கும்போது செய்யாவிட்டால் திரும்ப ஒருமுறை கழற்ற வேண்டும் என்பதால் செய்தேன். அந்த முடிவில் எனக்குச் சந்தேகம் இல்லை.

வால்வு அரைத்தது நான். இந்த வேலையை யாரிடமும் கொடுக்க மாட்டேன். உறிஞ்சு றப்பர் பூட்டிய தடியை வால்வின் தலையில் ஒட்ட வைத்து, இருக்கையில் துளி அரைக்கும் பேஸ்ற் பூசி, தயிர் கடைவது போல இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் தடியை உருட்ட வேண்டும். தொடங்கும்போது கரகரவென்று சத்தம் வரும். சத்தம் மெலிந்து வழுவழுப்பாகும்போது தூக்கி, கால் சுற்றுத் திருப்பி வைத்து, திரும்ப உருட்ட வேண்டும். துடைத்துப் பார்த்தால் சுற்றிவர அறாத, மங்கிய சாம்பல் வளையம் ஒன்று தெரிய வேண்டும். எங்காவது மினுங்கினால் அங்கே இன்னும் படவில்லை. எட்டும் முடிந்து ஸ்பிறிங் பூட்டிய பிறகு ஹெட்டைச் சரித்து வைத்துத் துவாரங்களுக்குள் மண்ணெண்ணெய் ஊற்றினோம். பெற்றோலை விட இது மெதுவாகத்தான் காயும், ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். அரை மணித்தியாலம் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

சிலிண்டர் சுவரின் மேல் விளிம்பில் நகம் தட்டியது, தேய்மானம் இருக்கிறது. கேஜில் அதிகபட்சம் 0.10 மில்லிமீற்றர். போர் பண்ணச் சொல்லித்தான் பலரும் சொன்னார்கள். நான் பண்ணவில்லை. புது றிங்ஸும் பெரிய முனை பெயாரிங்கும் மட்டும் போட்டோம். மண்ணெண்ணெய் எரியாமல் இறங்கி ஒயிலை நீர்த்துப் போகச் செய்யும். ஒயில் குச்சியில் மட்டம் குறையாமல் ஏறுவதைப் பார்த்த நினைவு மாமாவுக்கு இருக்கிறது. அதனால் பெயாரிங்கைப் பார்க்காமல் விடக்கூடாது. இந்த எஞ்சினில் அடிச்சட்டியைக் கழற்றினால் எஞ்சினை இறக்காமலே பெயாரிங்கை எட்டலாம். பழைய ஓடுகளில் வெள்ளி நிறம் போய்ச் செம்பு தெரிந்தது.

ஒரே ஒரு காஸ்கெற் போட்டு, ஹெட்டின் ஒன்பது நட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மூன்று கட்டத்தில் 40 அடி இறாத்தலுக்கு இறுக்கினோம். சூடேற்றி ஆறவிட்டு இன்னொரு தரம். வால்வு இடைவெளி குளிர்ந்த நிலையில் 12 தவ் (அங்குலத்தின் ஆயிரத்தில் 12 பங்கு), அதாவது 0.3 மில்லிமீற்றர். இதற்கு அண்ணை சொல்லித் தந்த கணக்கு எந்தப் புத்தகத்தையும் விடச் சுகமானது: எட்டாவது வால்வு முழுதாக இறங்கி நிற்கும்போது முதலாவதை அளக்க வேண்டும், ஏழாவது இறங்கினால் இரண்டாவதை, ஆறாவது இறங்கினால் மூன்றாவதை. இரண்டையும் கூட்டினால் எப்போதும் ஒன்பது. இப்போது கம்பிறஷன் 142, 140, 138, 142.

இதற்குப் பிறகுதான் உண்மையான அலைச்சல். எஞ்சின் நூல் பிடித்தது போல நின்று ஓடியது. முதல் நீண்ட ஓட்டத்தில் கோப்பாய் தாண்டி, நீர்வேலியில் வாழைத்தோட்டம் தொடங்கும் இடத்தில் செத்தது. கால் மணித்தியாலம் ஆறவிட்டால் ஒன்றும் நடக்காதது போல ஸ்ராட் ஆகும். திரும்பவும் அதே தூரத்தில் சாகும். சூட்டில் சாகும் என்றால் கொண்டென்சர் என்பார்கள்; மாற்றினோம். இக்னிஷன் கொயில் என்பார்கள். புதிதாக வாங்கி மாற்றினோம். பிறகு பம்ப். டயபிறம் மாற்றினோம். மொத்தம் 19,000 ரூபா போனது. அந்த மூன்றும் பழையவையாகவும் நல்லவையாகவுமே இருந்திருக்கின்றன.

கடைசியில் காட்டிக் கொடுத்தது பம்பின் சத்தம். காபரேற்றர் கிண்ணம் நிரம்பியிருந்தால் பம்ப் நின்று நின்று ஒரு டிக் அடிக்கும். கார் செத்து நிற்கும்போது சாவியைப் போட்டுக் கேட்டால் மழை ஓட்டில் விழுவதுபோலப் படபடவென்று அடித்தது. அப்படி அடித்தால் அது திரவத்தைத் தள்ளவில்லை, காற்றையோ ஆவியையோ தள்ளுகிறது. அண்ணை, "லைனைத் தொட்டுப் பாரும்" என்றார். பம்பிலிருந்து காபரேற்றருக்குப் போகும் செப்புக் குழாயில் கை வைக்க முடியவில்லை. ஈரத் துணியைச் சுற்றினோம், ஸ்ராட் ஆனது.

குழாய் போன வழியைப் பிடித்துக்கொண்டு போனால், மனிபோல்டின் பின்னால், சூடு தடுக்கும் கயிறு என்று நாங்கள் எல்லோரும் நினைத்திருந்த அந்தக் கட்டுக்குள் குழாய் மூன்று சுற்றுச் சுற்றியிருந்தது. மண்ணெண்ணெய் காபரேற்றருக்குள் போகுமுன் சூடாக வேண்டும், அப்போதுதான் ஆவியாகி எரியும். அதற்குச் செய்த வேலை. பெற்றோலுக்கு அதே சூடு எமன். குழாய்க்குள்ளேயே கொதித்து ஆவியாகிவிடுகிறது. கயிற்றை அவிழ்த்து, சுருளை எடுத்துவிட்டு, புதுக் கால் அங்குலக் குழாயைப் பின்சுவரோடு ஒட்டி மனிபோல்டிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கொண்டுவந்தோம். குழாய்க்கும் கிளிப்புக்கும் 1,800 ரூபா. நீர்வேலிப் பிரச்சினை அத்தோடு தீர்ந்தது.

இதிலிருந்து எனக்கு ஒரு விசயம் தெளிவானது. தடைக்காலத்துக் காரில் செய்த மாற்றங்கள் தனித்தனி வேலைகள் இல்லை, ஒரே வேலையின் துண்டுகள். இரண்டு காஸ்கெற், சூட்டுச் சுருள், பின்தள்ளிய இக்னிஷன், இறக்கி வைத்த ஜெற் (காபரேற்றரில் எரிபொருள் வரும் துவாரம்), இரண்டு தாங்கி எல்லாம் சேர்ந்துதான் மண்ணெண்ணெயில் ஓட வைத்தன. பெற்றோலுக்குத் திருப்பும்போதும் எல்லாவற்றையும் தேடிப் பிடித்து ஒன்றாகத் திருப்ப வேண்டும். ஒன்றை விட்டால் அது வேறு எங்கோ கோளாறாகத் தலைகாட்டும். "யாரோ காரைப் பழுதாக்கி வைத்திருக்கிறான்" என்று இளம் மெக்கானிக் ஒருவர் சொன்னார். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. பழுதாக்கியவர் செய்த வேலையாக ஒன்றுகூட இதில் கிடையாது. ஒவ்வொன்றும் கணக்குப் பார்த்துச் செய்தது.

மிச்சம் இருந்தது இக்னிஷனும் காபரேற்றரும். லூகாஸ் டிஸ்றிபியூற்றரில் பொயின்ற் இடைவெளி 15 தவ் வைத்து, ரெஸ்ற் லைற் போட்டுப் பார்த்தால் பிஸ்ரன் உச்சியைத் தாண்டிய பிறகுதான் தீப்பொறி விழுந்தது. உச்சிக்குச் சற்று முன்னால் கொண்டுவந்து, மிச்சத்தை றோட்டில் பார்த்தோம். டிஸ்றிபியூற்றரின் பக்கத்தில் விரலால் திருப்பும் சின்னத் திருகு இருக்கிறது. நாலாவது கியரில் 30 மைலில் இருந்து முழுதாக மிதித்து, இலேசாகத் தட்டும் சத்தம் வரும்வரை முன்னே தள்ளி, சத்தம் போகும்வரை பின்னே எடுத்தால் அதுதான் சரியான இடம்.

எஸ்யூ காபரேற்றரில் ஜெற் நட்டை முழுதாக மேலே ஏற்றி, அங்கிருந்து இரண்டு சுற்று இறக்கினால் தொடங்குவதற்குப் போதும். எங்களுடையது கிட்டத்தட்ட நாலு சுற்று இறங்கியிருந்தது. பிறகு பக்கத்தில் உள்ள ஊசியால் உள்ளிருக்கும் பிஸ்ரனை ஒரு மயிரிழை தூக்கிப் பார்க்க வேண்டும். எஞ்சின் வேகம் ஒரு கணம் ஏறி இறங்கினால் சரி. ஏறியே நின்றால் பெற்றோல் கூட. உடனே தள்ளாடினால் குறைவு. நட்டின் ஒரு பட்டை திருப்பினாலே வித்தியாசம் தெரியும். மேலே உள்ள சின்ன மூடியைக் கழற்றி மெல்லிய ஒயில் கொஞ்சம் விட மறக்க வேண்டாம். அது வற்றியிருந்தால் மிதித்தவுடன் எஞ்சின் தடுமாறும்.

இன்னொரு குறை எஞ்சின் கொதிப்பது. அதற்குக் காரணம் எங்கள் கிணற்றுத் தண்ணீர். குடாநாடு முழுக்கச் சுண்ணாம்புக் கல், தண்ணீரும் அப்படியே. கேத்திலின் அடியில் படிவதுதான் எஞ்சினுக்குள்ளும் படிகிறது. புளொக்கின் பின்பக்கத்து வடிகால் திருகியைக் கழற்றினால் ஒரு சொட்டும் வரவில்லை. கம்பியால் குத்தினால் வெள்ளைச் சேறு பற்பசை போல வந்தது. பக்கத்து அடைப்புத் தட்டுகளைக் கழற்றிச் சுரண்டி, எலுமிச்சை உப்பு கரைத்த சுடுதண்ணீரால் இரண்டு தரம் கழுவினோம். றேடியேற்றரைப் பித்தளை வேலை தெரிந்தவரிடம் கொடுத்து மேல் தொட்டியைத் திறந்து ஒவ்வொரு குழாயாகக் கம்பி விட்டோம், 16,000 ரூபா. எங்கள் ஊரில் தேர்மோஸ்ற்றாற்றை (சூடேறும்வரை தண்ணீரை மறிக்கும் வால்வு) கழற்றி எறிவதுதான் வழக்கம். நான் 74 பாகையில் திறப்பதைத் தேடிப் போட்டேன், கழுவிய எஞ்சினுக்கு அதனால் ஒரு குறையும் இல்லை. இப்போது காருக்கு மழைத்தண்ணீரும் கூலன்ரும் மட்டும். மாரியில் பீலியிலிருந்து பிடித்த தண்ணீர் இரண்டு கான் காருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

முன் சில்லு பற்றி ஒரு எச்சரிக்கை சொல்லாமல் விட முடியாது. மைனரின் முன்பக்கத் தூண்கள் மரை வெட்டிய றன்னியன் என்ற மூட்டில் நிற்கின்றன. ஒவ்வொரு 1000 மைலுக்கும் கிறீஸ் ஏற்றாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் சில்லு மடங்கிக் காருக்குக் கீழே போய்விடும். எஞ்சினுக்கு இலட்சம் செலவழிக்க முன்பு ஜாக் வைத்து சில்லை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். எங்களுடைய இடப்பக்கம் ஆடியது, அன்றே மாற்றினோம். அது இல்லாமல் நான் காரை றோட்டுக்கு எடுக்கவே மாட்டேன்.

எல்லாம் சேர்த்து இரண்டு இலட்சத்து பதினையாயிரம் ரூபா அளவில் முடிந்தது. காஸ்கெற் செற், வால்வு, றிங்ஸ், பெயாரிங் நான்கும்தான் அதில் பெரிய பங்கு, 84,000. பாதி பஞ்சிகாவத்தையில் கிடைத்தது, பாதி இங்கிலாந்திலிருந்து வந்த உறவினர் பெட்டிக்குள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருடத்தில் பழைய கார்களின் விலை எங்கோ ஏறிவிட்டது. மைனருக்கும் நல்ல விலை கேட்டு வந்தார்கள். வாங்கிக் கல்யாண வீட்டுக்கு வாடகைக்கு விடுவதற்கும், கண்ணாடி அறைக்குள் நிறுத்துவதற்கும் கேட்டார்கள். கொடுக்கவில்லை. மாதக் கணக்கில் நிறுத்தி வைத்தால் பிறேக் சிலிண்டர் பிடிக்கும், பம்பின் பொயின்ற் கறுக்கும், தாங்கி துருப்பிடிக்கும். வாரத்துக்கு ஒரு நாள் சந்தைக்குப் போய் வந்தாலே இந்த மூன்றும் வராது.

ஓட்டுவது எப்படி என்று இளம் பெடியள் கேட்கிறார்கள். முதலாம் கியருக்கு, பற்சில்லுகளின் வேகத்தைத் தானே ஒத்துவர வைக்கும் சிங்றோமெஷ் கிடையாது. கார் நின்ற பிறகுதான் போட வேண்டும். உருளும்போதே போடுவதென்றால் கிளச்சை இரண்டு தரம் மிதித்து, இடையில் எஞ்சினுக்குக் கொஞ்சம் வேகம் கொடுக்கப் பழக வேண்டும். ஸ்ரேறிங் மட்டும் எந்தப் புதுக் காரோடும் வைத்துப் பார்க்கலாம். றக் அன்ட் பினியன், அந்தக் காலத்துக் குடும்பக் கார்களில் அரிதாகவே இருந்தது. றோட்டின் ஒவ்வொரு கல்லும் கைக்குத் தெரியும், ஆனால் கையை உதறாது. அவரங்கால் தாண்டி வல்லை வெளிக்குள் இறங்கும்போது பக்கக் காற்று அடித்தால் ஒரு விரல் திருத்தம் போதும். பவர் ஸ்ரேறிங் உள்ள சின்ன ஜப்பான் காரை அதே இடத்தில் ஓட்டியிருக்கிறேன்; அது எங்கே போகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். 45 மைல் இதற்குச் சுகமான வேகம். 55க்கு மேல் எஞ்சின் போகும், பிறேக் நிற்பாட்டாது. ஏழு அங்குல முன் டிறம்தான், ஏ9 வீதியில் பஸ்ஸுக்கு முன்னால் போகும்போது இதை மறக்கக்கூடாது.

ஆனையிறவு தாண்டிக் கிளிநொச்சி போய்ச் சங்குப்பிட்டிப் பாலத்தால் திரும்பியதில் லீற்றருக்கு 13 கிலோமீற்றர் கொடுத்தது. புதிதில் கொடுத்திருக்கக்கூடியதற்கு அது கிட்டத்தான். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது வாராந்தப் பங்கீட்டில் கியூஆர் காட்டிப் பெற்றோல் அடித்த நாட்களில் இந்தக் கார் ஓடும் நிலையில் இருந்திருந்தால் நன்றாக உதவியிருக்கும்.

இன்னொரு காரில் இதே வேலையைச் செய்வதென்றால் ஒழுங்கை மாற்றுவேன். ஹெட்டைத் தொடுமுன் எரிபொருள் லைனை முழுதாக, தாங்கியிலிருந்து காபரேற்றர் வரை, கையால் தடவிப் பார்ப்பேன். இரண்டாவது, றேடியேற்றரும் புளொக்கும் கழுவும் வேலையை எஞ்சின் பிரித்திருக்கும்போதே முடிப்பேன். மூன்றாவது, பித்தளைத் திருகியையும் தகர டப்பாவையும் இப்போது போலவே விட்டுவைப்பேன். லைனிலிருந்து பிரித்து, வாயை அடைத்து, அதே பின்சுவரில் பூட்டியபடி இருக்கின்றன. பார்ப்பவர்கள் கழற்றச் சொல்கிறார்கள். அவற்றை வெட்டிப் பொருத்தியது மாமாவின் கை. எஞ்சினுக்கு அவற்றால் இடைஞ்சல் இல்லை.

அடுத்த வேலை பிறேக் மாஸ்ரர் சிலிண்டர். ஓட்டுநரின் காலுக்குக் கீழே, தரைத் தகட்டுக்கு அடியில் இருக்கிறது, இலேசாகக் கசிகிறது. அதன் போல்ற்றை வெளியே இழுக்க, ஸ்பிறிங்காக முறுகும் தண்டான ரோர்ஷன் பார் இடைஞ்சல் செய்யும். பாரை இளக்கித்தான் எடுக்க வேண்டும். றப்பர் செற் வந்துவிட்டது. மாரி தொடங்க முன்பு முடிக்க வேண்டும்.